போர்முனைப் பொறியாளர்கள்: கேள்வி பதில்

பதில்: பினாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, 1941-இல் வெள்ளைக்காரன் பாலங்களை உடைத்துக்கொண்டேதானே பின்வாங்கினான்? ஜப்பான்காரன் எப்படி அவ்வளவு வேகமாகத் தெற்கே வந்தான்? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

எல்லாப் பாலமும் உடையவில்லை, தம்பி. சீக்கிரம் உடைத்தால் சொந்தப் படை அக்கரையில் மாட்டிக்கொள்ளும். தாமதித்தால் எதிரியின் டாங்கி ஏறிவிடும். வெடிமருந்து கட்டியவன் தன் இஷ்டத்துக்கு வெடிக்கவும் முடியாது, மேலிடத்து உத்தரவு வரவேண்டும். 1942 ஜனவரி 7 விடியற்காலை பேராக்கின் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலைவழியே நேராகப் பாய்ந்து, ஆற்றுப்பாலத்தை முழுசாகவே பிடித்துக்கொண்டன.

உடைந்த பாலங்களும் அவர்களை அதிக நாள் நிறுத்தவில்லை. ஜப்பானியப் பொறியாளர்கள் ஆற்றுக்குள் இறங்கி மரத்தடிகளைத் தோளில் தாங்கி நிற்பார்கள். அதன்மேல் காலாட்படை சைக்கிளோடு கடந்துபோகும். ஜனவரி 31-இல் வெள்ளைக்காரன் தகர்த்த, சிங்கப்பூரை இணைக்கும் ஜொகூர் பாலத்தையும் பிப்ரவரியிலேயே செப்பனிட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், மலாயாப் போரில் துப்பாக்கிக்குச் சமமாக வேலை செய்தது ரம்பமும் கோடரியும்தான்.

பொறியாளர் என்றால் பின்னால் நின்று வரைபடம் பார்ப்பவர்தானே? தமிழர் யாராவது இருந்தார்களா? (செந்தூல் வாசகி)

பின்னாலா? காலாட்படைக்கு வழி திறக்க முன்னே போகிறவர்களே அவர்கள்தான், அம்மா. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியனைச் சொல்கிறேன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ. கண்ணிவெடி தேடும் கருவியோடு ஒருவர் முன்னே போக, சுத்தமான பாதையை வெள்ளை நாடாவால் குறித்தபடி இவர் பின்தொடர்கிறார். திடீரென்று ஒரு கண்ணிவெடி கிளம்பியது. வெடிக்கச் சில நொடிகள்தான். அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். வீரச் செயலுக்கான பிரிட்டனின் உயரிய ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள்.

சயாம்-பர்மா மரண ரயில்பாதையையும் ராணுவப் பொறியாளர்கள்தானே போட்டார்கள்? (பட்டர்வொர்த் வாசகர்)

திட்டமும் மேற்பார்வையும் ஜப்பானிய ரயில்வே படையுடையவை. 415 கிலோமீட்டருக்கு மண் சுமந்தது போர்க்கைதிகளும், நம் தோட்டத்துச் சனம் உள்பட ஆசியத் தொழிலாளர்களும். பொறியாளர் பெருமையில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

கண்ணிவெடி தேடும் கருவி இருந்தும் துப்பாக்கிக் கத்தியால் ஏன் மண்ணைக் குத்திப் பார்த்தார்கள்? (ஜெலுத்தோங் மாணவர்)

கருவி உலோகத்துக்குத்தான் சத்தம் கொடுக்கும். ஜெர்மானியர்கள் மரப்பெட்டியில் கண்ணிவெடி செய்து புதைத்தார்கள். அதனால் குப்புறப் படுத்து, கத்தியைச் சாய்வாகச் செருகி, அங்குலம் அங்குலமாகத் தேடவேண்டும். நேராகக் குத்தினால் கத்தி முனை மேல்மூடியை அழுத்திவிடும், அப்புறம் கதை முடிந்தது. சாய்வாகப் போனால் பெட்டியின் பக்கவாட்டில்தான் இடிக்கும்.