ரப்பர் இலை உதிரும் மாதத்தில் ஒரு டைம்டேபிள்

கேள்வி: பதினொரு வயது மகளையும் எட்டு வயது மகனையும் கடந்த ஜூனில் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஆறு மாதம் எப்படியோ ஓடியது. புது வருடத்திலாவது ஒழுங்கு வரட்டும் என்று ஜனவரி 1 அன்று ஏழு பீரியட் போட்டு டைம்டேபிள் ஒட்டினேன். பொங்கலுக்குள் அது போன இடம் தெரியவில்லை. மகன் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற அண்ணன் பின்னாலேயே போய்விடுகிறான். மகள் கதைப் புத்தகத்தை விட்டு எழுவதில்லை. "எத்தனாம் கிளாஸ் மக்களே?" என்று யாராவது கேட்டால் மாமியார் முகம் சுருங்குகிறது. நாங்கள் செய்வது தப்பா?
- பெயர் வேண்டாம், குலசேகரம் பக்கம்

பதில்: ஏழு பீரியடா! நானும் ஒரு வருடம் என் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவள்தான். தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டி பெல் அடித்தேன். மூன்றாம் நாள் தாம்பாளத்தைக் காணவில்லை; அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

பெல்லும் பீரியடும் ஒரு வகுப்பறைப் பிள்ளைகளைச் சமாளிக்க வந்தவை. உங்களுக்கு இரண்டு பேர்தானே? காலையில் கணக்குக்கு ஒரு மணி நேரம், தமிழும் ஆங்கிலமும் வாசித்து எழுத ஒரு மணி நேரம். இதில் மட்டும் அழுதாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணக்கு நடுவில் விட்டுப்போனால் பிறகு பிடிப்பது பெரும்பாடு.

மீதிப் பொழுதுக்கு உங்கள் தோட்டமே போதும். இப்போது ரப்பர் இலை உதிரும் காலம். அடுத்து செம்பு நிறத்தில் தளிர் வரும். மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புடைப்புகளில் ஈரம் மினுங்கும். அது தேன்துளி. ரப்பர் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இந்தத் தளிர்க்காம்பிலிருந்துதான் வருகிறது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்கள் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைப்பது இதற்காகத்தான். பெட்டி திறக்கும் நாளில் யாரிடமாவது கேட்டு மகனைக் கூட்டிப் போங்கள். "பூவே இல்லாம தேன் எப்படி?" என்று அவன் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

பால்வெட்டு அண்ணன் பின்னால் போவதைத் தடுக்கவே வேண்டாம், கையில் ஒரு நோட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள். இன்று எத்தனை லிட்டர் பால், அது உறைந்து ஷீட்டாகிக் காய்ந்தபின் எத்தனை கிலோ, பத்திரிகையில் போட்ட விலைக்கு எவ்வளவு ரூபாய் என்று எழுதட்டும். இவ்வளவு பாலுக்கு இத்தனை சின்ன ஷீட்டா என்று அவனே வந்து கேட்பான். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தராசில் பார்ப்பது நல்லது.

மகளுக்கு வேறு வேலை. பேப்பரில் அணை நீர்மட்டம் வருகிறதல்லவா? பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. தினமும் கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். கோடு இறங்கிக்கொண்டே போய், ஜூனில் மழை பிடித்து, கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற சமயத்தில் எப்படித் திரும்புகிறது என்று அவளே பார்ப்பாள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஏன் பெயர் என்பதை மாமியாரிடம் கேட்கச் சொல்லுங்கள். கன்னி, கும்பம், மீனம், மேடம் என்று மலையாள மாதங்களை அவர் கடகடவென்று ஒப்பிப்பார். 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கதையும் கூடவே வரும். கேட்க ஒரு பேத்தி உட்கார்ந்தால் அவருடைய முகச்சுளிப்பு பாதி குறையும் (பாதிதான், மீதிக்கு நான் பொறுப்பில்லை).

ஒரு நாள் தேரூர் குளத்துக்குப் போங்கள், வலசைப் பறவைகள் இருக்கும்போதே. கவிமணி பிறந்த ஊர் என்பதால் கதைப் புத்தகக்காரிக்கும் பிடிக்கும். மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குப் பக்கம்தான், வெயில் ஏறுமுன் போய்வரலாம்.

தப்பா என்று கேட்டீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி தருவதை அரசின் கடமையாக்குகிறது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு அது தண்டனை எதுவும் விதிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை, வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேரவும் அதில் வழியுண்டு. மகளுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைய வேண்டும். எந்த வழி என்று அடுத்த வருடத்துக்குள் முடிவெடுங்கள். எத்தனாம் கிளாஸ் என்று கேட்பவர்களிடம் சொல்ல மாமியாருக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

தளிர் பிடிக்கும்வரை பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள். மறுபடி தொடங்குவதற்குள் ஒரு தராசு வாங்கிவிடுங்கள்.