பரம்பரை வாளை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: நூறு வருடங்களுக்கு மேல் பழமையான வாள் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. மர உறைக்கு மேல் தோல் போர்த்தியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். "உறையோடு அப்படியே கொடுங்கள். பாலிஷ் போட்டு, பேக் செய்து, அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்பிவிடலாம்" என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பிக் கொடுக்கலாமா? வழியில் உடைந்துவிடாதா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றுமே தவறு.

முதலில் பாலிஷ். பழைய அலகில் தெரியும் அலையலையான எஃகு ரேகைகளும், கைப்பிடியில் பதித்த தங்கக் கம்பி வேலையும் மிக மெல்லியவை. பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் ஒருமுறை வைத்தாலே போய்விடும், திரும்ப வராது. வாளின் மதிப்பில் பெரும்பங்கு அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உறை. வாள் உறைக்குள் இருந்தால், பெட்டி ஒவ்வொரு முறை அதிரும்போதும் அலகு முன்னும் பின்னும் ஓடி, முனை உறையின் அடிப்பகுதியைக் குத்தும். அடியிலுள்ள உலோகத் தொப்பி கழன்றுவிடும், தையல் பிரியும். அதனால் வாளையும் உறையையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; வெறுங்கை ரேகையிலுள்ள உப்பு சில நாட்களிலேயே துருவாகத் தெரியும். அலகில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பழைய உலோகப் பொருட்களைப் பாதுகாக்கப் பூசும் மெழுகு) மிக மெல்லிசாகத் தடவித் துடையுங்கள். சமையல் எண்ணெய் கூடாது, பிசினாக இறுகிவிடும். மேலே அமிலமற்ற டிஷ்யூ தாள், அதற்கு மேல் பாலித்தீன் ஃபோம். செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும். பபுள் ராப் நேரடியாகப் பட்டால் கொப்புளங்களின் வட்டத் தடம் பதியும்.

முனைக்கு ஃபோம் தொப்பி போட்டு, வாளைவிட இரு பக்கமும் 10 செ.மீ. நீளமான பிளைவுட் பலகையில் மூன்று இடங்களில் பருத்தி நாடாவால் கட்டுங்கள். பலகை அசைந்தாலும் முனை எதிலும் இடிக்கக் கூடாது. சாதாரண மரப்பலகை வேண்டாம்; பல நாடுகளில் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை கேட்பார்கள், பிளைவுட்டுக்கு அது தேவையில்லை. இது உள்பெட்டிக்குள் போகட்டும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஃபோம் வைத்து வெளிப்பெட்டி. மூடியை ஆணி அடித்து மூடாமல் திருகாணி போடுங்கள். சுங்கத்தில் எப்படியும் திறப்பார்கள், கடப்பாரை போடாமல் திறக்க வழி இருக்கட்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையை அலகைச் சுற்றிய பாலித்தீன் ஃபோமுக்குள் மட்டும் வையுங்கள். தோல் உறையோடு வைத்தால் தோல் காய்ந்து சுருங்கும்.

இனி ஒரு விதிவிலக்கு. வாள் உறைக்குள் சிக்கிக்கொண்டிருந்தால் பிரிக்கவே முயலாதீர்கள். உள்ளே துரு பருத்திருக்கலாம், அல்லது மரம் சுருங்கி அலகைக் கவ்வியிருக்கலாம். இழுத்தால் உறை நீளவாக்கில் பிளக்கும், இல்லையென்றால் கைப்பிடி கையோடு வரும். எண்ணெய் ஊற்றினால் மரமும் தோலும் ஊறிக் கெடும். தட்டுவதும் கூடாது. இரண்டு மூன்று விரற்கடை வெளியே வந்து நின்றுவிட்டதா? உள்ளே தள்ளவும் வேண்டாம், வெளியே இழுக்கவும் வேண்டாம். அந்த இடைவெளியில் ஃபோம் திணித்து, கைப்பிடியையும் உறை வாயையும் எட்டு வடிவில் நாடாவால் கட்டி, முழு நீளமும் தாங்கும்படி படுக்க வையுங்கள். உள்பெட்டியின் மேல் படத்தோடு "சிக்கியிருக்கிறது, உருவ வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். சோதிப்பவர் முதலில் செய்வது கைப்பிடியைப் பிடித்து இழுப்பதுதான்.

மூன்றாவது, "அலங்காரப் பொருள்". ஸ்கேனரில் வாள் வாளாகத்தான் தெரியும். பொய் விவரம் எழுதினால் பறிமுதல் ஆகலாம், காப்பீட்டுத் தொகையும் கிடைக்காது. வாளை இழப்பது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. நூறு வருடத்தைத் தாண்டிய பழம்பொருளுக்குச் சுங்கத்தின் பொருள் வகை எண் 9706. வாள்களுக்கான 9307 வேறு. வயதுக்குச் சான்று இணைத்து 9706 என்று எழுதுங்கள். ஆனாலும் கொரியர் படிவத்தில் "ஆயுதமா?" என்ற ஒரே கட்டம்தான் இருக்கும். முன்னோர் வாளும் நேற்று அடித்த கத்தியும் அதில் ஒன்றுதான். ஒரு கவுண்டரில் முடியாது என்பார்கள், அடுத்த கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள். இத்தனை வருடங்களாக இதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அனுமதி எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். பழம்பொருள் ஏற்றுமதிக்கும், அண்ணன் இருக்கும் நாட்டில் வாள் இறக்குமதிக்கும் அனுமதி தேவையா, கிடைக்குமா என்பதை பெட்டி செய்வதற்கு முன்பே விசாரியுங்கள். கைப்பிடி யானைத் தந்தம் என்றால் சைட்ஸ் (CITES, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஆவணம் இல்லாமல் நகர்த்தாதீர்கள்.

படிவத்தில் எழுதும் "அறிவிக்கப்பட்ட மதிப்பு" காப்பீடு அல்ல. பழம்பொருளையும் ஆயுதத்தையும் விலக்கும் ஷரத்து பல நிறுவனங்களில் உண்டு. அதைப் படித்துவிட்டுத் தனிக் காப்பீடு எடுங்கள். கட்டும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வையுங்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரம் மூடியே வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த அலகில் வெதுவெதுப்பான காற்று பட்டால் ஈரம் படியும். சேதம் இருந்தால் பெட்டியையும் ஃபோமையும் தூக்கி எறிய வேண்டாம், காப்பீட்டுக்காரர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.