1905 ஹாஃப் கிரவுன் 40 பவுண்டுக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய பொருள்கள் விற்கும் கார் பூட் சந்தையில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய பிரிட்டிஷ் காசு வாங்கியிருக்கிறார், அதிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது, மாதம் 50 பவுண்டு ஒதுக்கிச் சேர்க்கத் தயார் என்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. இணையத்தில் 1905ஆம் ஆண்டு ஹாஃப் கிரவுன் (இரண்டரை ஷில்லிங் வெள்ளிக் காசு) 40 பவுண்டுக்கும் 1847ஆம் ஆண்டு கோத்திக் கிரவுன் (ஐந்து ஷில்லிங் வெள்ளிக் காசு) 35 பவுண்டுக்கும் வந்திருக்கின்றன, வாங்கலாமா? டப்பாவில் கறுத்துக் கிடக்கும் காசுகளை எதைப் போட்டுத் தேய்ப்பது? பாட்டியின் காசுமாலையிலிருந்து பிரிந்த ஒரு பவுன் காசு வளையத்தோடு இருக்கிறது, அதை என்ன செய்வது?

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன், இரண்டையும் வாங்காதீர்கள், பேரமும் பேசாதீர்கள். ஏழாம் எட்வர்ட் காலத்து ஹாஃப் கிரவுன்களில் மிக அரியது 1905தான், மொத்தமே சுமார் 1,66,000 அடித்தார்கள். ராஜாவின் முகம் பாதி தேய்ந்துபோன உண்மையான காசுக்கே பல நூறு பவுண்டு கேட்பார்கள். இந்த ஒரு ஆண்டுக்கென்றே போலிகள் செய்யப்பட்டு வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அனுபவமுள்ளவர்களே லென்ஸ் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார்கள். கோத்திக் கிரவுன் அதற்கும் மேல்: வில்லியம் வயன் வடித்த, விக்டோரியா ராணி சடைபின்னலோடும் கிரீடத்தோடும் இருக்கும் அந்த அழகான காசு 1847இல் வெறும் 8,000தான் அடிக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளதற்கு விலை ஆயிரக்கணக்கில் போகும். அதை 35 பவுண்டுக்கு ஒருவர் தருகிறார் என்றால் அது சமீபத்தில் எங்கோ ஒரு பட்டறையில் அடித்ததுதான். "தாத்தா வைத்திருந்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று விளக்கத்தில் எழுதியிருந்தால் இன்னும் வேகமாக அந்தப் பக்கத்தை மூடுங்கள். போலி என்று தெரிந்தே விற்பவர்கள், பிறகு பிடிபடாமல் இருக்க எழுதிவைக்கும் வாசகம் அது.

அப்படியானால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டமும் பருமனும் அளக்க ஒரு காலிபர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம். இந்த நான்கும் உங்கள் முதல் மாத 50 பவுண்டுக்குள் அடங்கிவிடும், முதல் காசை வாங்கும் முன் இவற்றை வாங்குங்கள். கிரவுன் 28.28 கிராம், ஹாஃப் கிரவுன் 14.14, ஃபுளோரின் (இரண்டு ஷில்லிங்) 11.31, ஷில்லிங் 5.66, ஆறு பென்ஸ் 2.83 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையும், கூடவே கூடாது. காந்தம் ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது, பழைய வெள்ளியும் செம்பும் வெண்கலமும் ஒட்டாது (1992க்குப் பிறகு வந்த 1 பென்னி, 2 பென்ஸ் போன்ற புதிய காசுகள்தான் உள்ளே எஃகு என்பதால் ஒட்டும்). ஆனால் எடை சரி, காந்தமும் ஒட்டவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது, போலி செய்பவனுக்கும் இந்த எண்கள் தெரியும். அவன் பெரும்பாலும் கோட்டைவிடுவது விளிம்பில்தான். வார்ப்பில் செய்ததென்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு தெரியும், அல்லது அதை அராவி எடுத்த தடம் தெரியும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் உருகியதுபோல இருக்கும், பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். கோத்திக் கிரவுனின் விளிம்பில் லத்தீன் வாசகம் கோத்திக் எழுத்தில் ஓட வேண்டும், மலிவுப் போலிகள் பலவற்றில் அந்த இடத்தில் வெறும் வரிவரியான வெட்டுதான் இருக்கிறது. விற்பவரிடம் விளிம்பின் படத்தைக் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் அதுவே பதில்.

முழுப் போலியைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, உண்மையான காசைத் திருத்தி அரிய காசாக்குவது, ஏனென்றால் அங்கே எடை, உலோகம், விளிம்பு எல்லாமே சரியாக இருக்கும். 1933 பென்னி உலகத்தில் ஏழு அளவில்தான் அறியப்பட்டிருக்கிறது, அதனால் 1935 போன்ற ஆண்டுகளின் பென்னிகளில் கடைசி எண்ணைச் செதுக்கி 1933 ஆக்கிவைத்திருக்கிறார்கள். 1882 பென்னியில் ஆண்டுக்குக் கீழே ஹெச் என்ற எழுத்து இருக்கும், பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை அடித்தது என்பதற்கான அடையாளம். அந்த எழுத்து இல்லாத 1882 மிக மிக அரியது என்பதால் ஹெச்சைச் சுரண்டிவிட்டு விற்கிறார்கள், சிலவற்றில் தேய்மானத்தாலேயே அது மறைந்திருக்கும். ஆண்டு எண் உள்ள இடத்தை லென்ஸில் பார்க்கும்போது சுற்றுப்பரப்பின் நிறமும் வழவழப்பும் மற்ற இடத்தைப் போலவே இருக்கிறதா என்று கவனியுங்கள், கருவி பட்ட இடம் வேறாகத் தெரியும். அப்புறம் எட்டாம் எட்வர்ட் முகம் போட்ட 1936, 1937 கிரவுன்கள். அவர் 1936 டிசம்பரில் முடியைத் துறந்துவிட்டார், பிரிட்டனில் அவர் முகத்தோடு எந்தக் காசும் புழக்கத்துக்கு விடப்படவில்லை. மாதிரிக்கு அடித்த ஒரு சிலவற்றைத் தவிர, சந்தையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் பல பத்தாண்டு கழித்து யாரோ கற்பனையில் செய்தவை.

போலியே இல்லாமலும் பணம் போகும். 1965 சர்ச்சில் கிரவுன் ஒரு கோடியே 90 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது, பிரிட்டனில் ஏறக்குறைய எல்லா வீட்டு மேசை இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது. 1977 வெள்ளிவிழாக் கிரவுனும் 1981 சார்ல்ஸ், டயானா திருமணக் கிரவுனும் அதே கதைதான். மூன்றிலும் வெள்ளி கிடையாது (சேகரிப்பவர்களுக்கென்று தனியே அடித்த வெள்ளிப் பதிப்புகள் வேறு). இதற்குப் பெட்டி, சான்றிதழ், தங்க முலாம் எல்லாம் சேர்த்து 30, 40 பவுண்டு கேட்கும் தபால் விற்பனைக்காரர்கள் உண்டு. முலாம் பூசிய காசைச் சேகரிப்பவர் எவரும் திரும்ப வாங்கமாட்டார். முதல் காசு கிட்டத்தட்ட இலவசம் என்று ஆரம்பித்து, மாதாமாதம் நீங்கள் கேட்காமலே அடுத்ததை அனுப்பிப் பணம் எடுத்துக்கொள்ளும் திட்டங்களும் இருக்கின்றன, சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்காமல் அட்டை எண் கொடுக்காதீர்கள். "நியூ பென்ஸ்" என்று போட்ட 2 பென்ஸ் ஆயிரக்கணக்கில் போகிறது என்ற செய்தியும் அவ்வப்போது கிளம்பும். 1971 முதல் 1981 வரை எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும், 1983 என்று ஆண்டு போட்டு அந்த வாசகம் இருந்தால் மட்டும்தான் அது பிழைக்காசு.

வெள்ளி விஷயத்தில் இரண்டு ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள், 1920, 1947. 1919 வரை புழங்கிய வெள்ளிக் காசுகளில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947இலிருந்து செம்பும் நிக்கலும்தான், வெள்ளி துளியும் இல்லை. ஆகவே 1936 ஹாஃப் கிரவுனில் சுமார் 7 கிராம் வெள்ளி, 1916இல் சுமார் 13 கிராம். "ஸ்டெர்லிங் வெள்ளி" (அதாவது 92.5 சதவீதம்) என்று தலைப்புப் போட்டு 1920க்குப் பிந்தியவற்றைக் கலந்து விற்கும் மொத்தப் பைகள் ஏராளம். உங்கள் டப்பாவை இந்த இரண்டு ஆண்டுகளை வைத்து முதலில் மூன்றாகப் பிரித்துவிடுங்கள், அதுவே பாதி வேலை.

இப்போது இரண்டாவது கேள்வி. எதைப் போட்டும் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவம், எதுவும் வேண்டாம். காசின் பரப்பில் அச்சு பதிந்தபோது உண்டான ஒரு மினுக்கம் இருக்கும், நூறு ஆண்டில் அதன்மேல் படியும் நிறம் அந்தப் பரப்பைக் காப்பாற்றுகிறது, தேய்த்தால் இரண்டும் போய் மயிரிழைக் கீறல்கள்தான் மிஞ்சும், பழகிய கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்து விலையைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடும். சில காசுகள் கறுப்பாகவே பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது! 1897 முதல் முதல் உலகப்போர்க் காலம் வரை ஃபார்திங்குகளை (கால் பென்னிக் காசு) அரசின் காசாலையான ராயல் மின்டே வேண்டுமென்று கறுப்பாக்கி வெளியிட்டது, புதிதாகப் பளபளக்கும் ஃபார்திங் ஏறக்குறைய அரை சவரன் அளவிலேயே இருந்ததால் தங்கக் காசு என்று ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். 1944 முதல் 1946 வரை வந்த பென்னிகளும் அப்படியே கறுப்பாக்கப்பட்டவை. இவற்றைத் துலக்குகிறவர் அசல் தோலையே உரிக்கிறார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், போதும். மென்மையான பிவிசி உறைகளில் வைக்காதீர்கள், சில ஆண்டில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். விளிம்பைப் பிடித்து மட்டுமே எடுங்கள்.

தரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை அதில்தான் நிற்கிறது. பிரிட்டனில் ஃபைன் என்றால் நன்றாகவே தேய்ந்த காசு, வெரி ஃபைன் ஓரளவு தேய்ந்தது, எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்மானம், அதற்கு மேலே புழங்காத காசு. ஒரு படி ஏறினால் விலை இரண்டு மூன்று மடங்காவது சாதாரணம், அதனால் இணையத்தில் விற்பவர்கள் ஒரு படி கூட்டித்தான் எழுதுவார்கள். ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் விலைப்பட்டியல் நூலைப் பாருங்கள், ஆனால் அதிலுள்ளது கடைக்காரர் உங்களுக்கு விற்கும் விலை, நீங்கள் விற்கப் போனால் கணிசமாகக் குறைவாகத்தான் கிடைக்கும்.

எதிலிருந்து தொடங்குவது? உங்கள் தொகைக்கு நான் ஆறாம் ஜார்ஜின் பென்னிகளைச் சொல்வேன். போர் நடுவே 1941, 1942, 1943இல் பென்னி வரவில்லை, 1952 ஒரே ஒரு காசுதான் அறியப்பட்டிருக்கிறது, ஆகவே 1937 முதல் 1951 வரை பன்னிரண்டே காசில் வரிசை முழுமையாகிவிடும். பத்து ஆண்டுகளை நல்ல நிலையில் சில பவுண்டுகளுக்கே வாங்கலாம். 1950உம் 1951உம்தான் கொஞ்சம் செலவு வைக்கும், 1951இல் 1,20,000தான் அடித்தார்கள், அவை பெரும்பாலும் பெர்முடாவுக்குப் போய்ப் பிறகு வியாபாரிகளால் திரும்பக் கொண்டுவரப்பட்டவை, அதனால்தான் எண்ணிக்கை குறைவாக இருந்தும் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன. 1948 வரை ராஜாவின் பட்டங்களில் இந்தியாவின் பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம் இருக்கும், 1949 காசில் அது இல்லை. இந்தியா கைவிட்டுப் போனதை ஒரு பென்னியின் ஓரத்தில் இப்படிப் பார்க்க முடிகிறது என்பதற்காகவே எனக்கு இந்த வரிசை பிடிக்கும். இந்தப் பன்னிரண்டையும் கையில் வைத்துப் பார்த்துப் பழகிய பிறகு, உங்கள் விரலுக்கே உண்மையான காசு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். பெரிய விலைக் காசை அதற்கு அப்புறம் யோசிக்கலாம். 1662க்கு முந்திய, கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசுகள் பக்கம் இப்போது போகவே வேண்டாம், அது தனிக் கல்வி.

வாங்கும் இடம்: பிரிட்டிஷ் நியூமிஸ்மாட்டிக் டிரேட் அசோசியேஷனில் உறுப்பினராக உள்ள கடைகளில் தொடங்குங்கள், விற்ற காசுக்கு அவர்கள் பொறுப்பேற்பார்கள். காசுக் கண்காட்சிகளுக்குப் போனால் கையில் எடுத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்டால் சொல்லிக்கொடுக்கிற வியாபாரிகள் நிறையப் பேர். தொழிலாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு, தனியாள் விற்றால் அது கிடையாது, வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பச் சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். 100 பவுண்டுக்கு மேற்பட்ட காசுக்குக் கடைக்கு நேராகக் கிரெடிட் கார்டில் கட்டினால் அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பாகும், இடையில் வேறு கட்டணச் சேவை புகுந்தால் அந்தப் பாதுகாப்பு விட்டுப்போகலாம். ஏலத்தில் கை தூக்கும் முன் அவர்கள் மேலே சேர்க்கும் கமிஷனைப் பாருங்கள், வரியோடு சேர்த்து 25 சதவீதத்தையும் தாண்டும் இடங்கள் உண்டு.

கடைசியாகப் பாட்டியின் காசு. பவுன் காசு என்பது பிரிட்டிஷ் தங்கக் காசான சவரன்தான்: 22 காரட், எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். வளையம் பற்றவைத்திருப்பதால் எடை கூடவே காட்டும், விட்டத்தையும் பருமனையும் அளந்து பாருங்கள், பருமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். தங்கம் சரியாக இருந்தும் ராயல் மின்ட் அடிக்காத சவரன்கள் 1940, 50களில் ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கிலும் நிறையத் தயாராயின, 1957இல் சவரனை மறுபடி அடிக்கத் தொடங்கியதற்கு அந்தப் போலிகளும் ஒரு காரணம். குதிரைமேல் புனித ஜார்ஜ் இருக்கும் பக்கத்தில், ஆண்டுக்குச் சற்று மேலே தரையில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று லென்ஸில் தேடுங்கள், 1918 என்று ஆண்டும் ஆங்கில ஐ எழுத்தும் இருந்தால் அது பம்பாயில் அந்த ஒரே ஆண்டு அடிக்கப்பட்டது. பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது, தங்கத்தின் விலை கிடைக்கும். ஆசாரியிடம் கொடுத்து வளையத்தை எடுத்து மெருகு போடச் சொல்லாதீர்கள், அப்படிச் செய்வதால் தங்க விலைக்கு மேல் ஒன்றும் கூடாது, காசின் பரப்பும் கெடும். விற்கும் தேவை இல்லையென்றால் வளையத்தோடு அப்படியே வைத்திருங்கள், யாருடைய மாலையிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.