48 மணி நேரமும் ஒரு டேங்கர் நோட்டும்

அன்புள்ள அண்ணா,

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் நானும் இரண்டு தோழிகளும் ஒரு 48 மணி நேர ஹேக்கத்தானில், அதாவது குறித்த நேரத்துக்குள் மென்பொருள் செய்யும் போட்டியில், கலந்துகொள்கிறோம். ஓப்பன் சோர்ஸ் கருவிகள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலைத் திறந்துவைத்தவை) மட்டும்தான் என்பது விதி. எங்கள் அபார்ட்மெண்டில் தண்ணீர் டேங்கர் கணக்கில் ஓயாத சண்டை. அதற்கு ஒரு செயலி செய்ய நினைக்கிறோம். லாகின், பணம் கட்டும் வசதி, வண்டி வரும் வழியைக் காட்டும் மேப் எல்லாம் திட்டத்தில் உண்டு. புதிதாக வந்த ஒரு ஃப்ரேம்வொர்க்கில் (செயலி கட்டுவதற்கான தயார் சட்டகம்) செய்யலாம் என்கிறாள் ஒருத்தி. எனக்கு ஓர் உறுத்தல். பாதிக்கு மேல் யாரோ எழுதிய கோடு (நிரல்). அதை எங்கள் வேலை என்று சொல்லலாமா?

மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், 2003இல் ஜாங்கோ என்ற இணைய ஃப்ரேம்வொர்க்கை எழுத ஆரம்பித்தார்கள். செய்தி சூடாக இருக்கும்போதே இணையப் பக்கம் தயாராக வேண்டிய இடம் அது. அந்த அவசரத்துக்குச் செய்த கருவியை 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உங்களைப் போல அவசரத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள். தயங்காமல் எடுங்கள். எதை எடுத்தோம், அதன் உரிமம் என்ன என்பதை முதல் மணி நேரத்திலிருந்தே ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதி வாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைக்கச் சொல்கின்றன. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமத்தில் வரும் நிரலைச் சேர்த்து ஒரு மென்பொருளை விநியோகித்தால், அதையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் வேலை எது என்றால், அந்தக் கணக்குதான். வந்தது 6,000 லிட்டர் வண்டியா, 12,000 லிட்டர் வண்டியா? ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் பங்கு உண்டா? மூன்று பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டுவதா? இதை எந்த லைப்ரரியும் (தயார் நிரல் தொகுப்பும்) எழுதித் தராது. அந்தச் சண்டையின் நடுவில் வாழ்கிற உங்களால்தான் முடியும்.

புதிய ஃப்ரேம்வொர்க் வேண்டவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் கோரமங்களாவில் நடந்த ஒரு போட்டியில் நாங்கள் அப்படித்தான் ஒன்றை எடுத்தோம். முதல் இரவு முழுவதும் அதை நிறுவுவதிலேயே போனது. மறுநாள் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் புதிதாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல யோசனை ஒன்று வீணானது இன்னமும் வருத்தம்தான். தூக்கக் கலக்கத்திலும் கை தானாக எழுதுகிற கருவி எதுவோ அதுதான் உங்களுக்குச் சரி. மூவருக்கும் பைதான் மொழி தெரியும் என்றால் அதில் எழுதிய ஜாங்கோவும், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளமும் போதும். எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வர் தேவையில்லை, தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். ஜாங்கோவில் அட்டவணைகளை வரையறுத்துவிட்டால் நிர்வாகத் திரை கிட்டத்தட்ட இலவசமாக வந்துவிடும்.

மேப், பணம் கட்டும் வசதி இரண்டையும் எடுத்துவிடுங்கள். லாகினும் ஜாங்கோவோடு வருவதே போதும். வாட்ச்மேன் போனில் ஒரே ஒரு திரை, கன்னடத்திலும் தமிழிலும்: வண்டி எப்போது வந்தது, எத்தனை லிட்டர். அதிலிருந்து மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு பங்கு. இவ்வளவுதான், ஆனால் இது தப்பில்லாமல் ஓட வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரத்திலேயே வெறும் பக்கத்தையாவது சர்வரில் ஏற்றிவிடுங்கள். அரங்கத்து வைஃபையை நம்பாமல் லேப்டாப்பிலும் ஓடும்படி ஒரு நகல் வையுங்கள். இரண்டு இரவும் விழிக்காதீர்கள், முறை வைத்துத் தூங்குங்கள்.

போட்டிக்கு முன் கோடு எழுதக் கூடாது என்று விதி இருக்கலாம், படித்துப் பாருங்கள். தகவல் சேகரிக்கத் தடை இல்லை என்றால் இன்றே வாட்ச்மேனிடம் போய், அவர் டேங்கர் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, கடந்த மூன்று மாதப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கையே ஏற்றிக் காட்டுங்கள்.