பேரு இசக்கியம்மாள், பிள்ளை அழுவுது, மாத்திரலாமா?

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. மகளுக்கு 7 வயசு, பேரு இசக்கியம்மாள், மாமியார் நேர்ந்துக்கிட்டு வச்ச பேரு. இங்கிலீஷ் மீடியத்துல சேத்ததுல இருந்து 'பேய் பேரு'ன்னு கேலியாம், யூனிஃபார்ம் போடும்போதே அழுகை. ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் 8,000 ரூபாய்க்கு பிறப்புச் சான்றிதழ்லயே 'ஈஷா'ன்னு மாத்தித் தாரேங்காராம், குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. பிறப்புச் சான்றிதழ்ல ஏறின பேர்ல எழுத்துப்பிழைன்னா திருத்தலாம், முழுசா வேற பேரு போட விடமாட்டாங்க. அப்படி ஒருத்தர் போட்டுத் தந்தா அது போலி, பாஸ்போர்ட் எடுக்கப் போற அன்னைக்கு மாட்டும், அப்ப அவர் கடையே அங்க இருக்காது. பேரு மாத்த கெஜட்தான் (அரசிதழ்) வழி, மைனர் பிள்ளைக்கு அப்பா அம்மாவே விண்ணப்பிக்கலாம், ஃபாரம் எழுதுபொருள் அச்சுத்துறை வெப்சைட்லயே கிடக்கு. ஆனா அதப் படிச்சா படிச்சவங்களுக்கே தலை சுத்தும், சந்தேகம் கேக்க ஆளு கிடையாது, எளிய தமிழ்ல ஒரு பக்கம் எழுதிப் போட இவங்களுக்கு என்ன கஷ்டமோ, அந்த இடைவெளியிலதான் புரோக்கர் பிழைக்கான்.

சரி, அழுகைக்கு வாரேன். பக்கத்து வீட்ல கேட்டா 'ஈஷான்னு கூப்பிடுதோம்'னு சொல்லுவேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அம்மா வாயில தன் பேரு வரலைங்கத பிள்ளை பாத்துக்கிட்டுதான இருக்கு. முதல்ல அத நிப்பாட்டுங்க. இசக்கி பேய் இல்ல, நம்ம ஊர்ல கும்பிடுத அம்மன், இயக்கிங்கற பேருதான் இசக்கின்னு ஆச்சு, சிலப்பதிகாரத்துலயே வருது, மதுரைக்கு வெளிய மாதரிங்கற இடைச்சி இயக்கிக்குப் பால் படைச்சிட்டுத் திரும்பும்போதுதான் கண்ணகி அவகிட்ட அடைக்கலமா வாரா. இத ராத்திரி சோறு ஊட்டும்போது கதையா சொல்லுங்க. இசக்கியம்மன் கோயில்ல அடுத்த கொடைத் திருவிழாவுக்கு ஆச்சி மடியில உக்காந்து வில்லுப்பாட்டு கேக்கட்டும், புள்ளவரம் கேட்டு கட்டுன தொட்டிலக் காட்டி 'உன்னயும் இப்படித்தான் கேட்டு வாங்குனோம்'னு ஆச்சியே சொல்லட்டும். கிளாஸ் டீச்சர நேர்ல பாத்து, அட்டெண்டன்ஸ்ல பேர முழுசா கூப்பிடச் சொல்லுங்க, டீச்சர் சுருக்குனா பிள்ளைகளும் சுருக்கும்.

ஒரே ஒரு விசயத்துக்கு மட்டும் பேப்பர்ல கை வைக்கணும், அது இங்கிலீஷ் ஸ்பெல்லிங். இசக்கிய ஒரு ஆபீஸ்ல 'ஐ' போட்டு ஆரம்பிப்பான், இன்னொரு ஆபீஸ்ல 'ஈ' போட்டு ஆரம்பிப்பான், அம்மாளுக்கு ஒரு 'எம்'மா ரெண்டா, நடுவுல இடம் உண்டா, இனிஷியல் முன்னாலயா பின்னாலயா, எல்லாத்தையும் பாருங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் ரெஜிஸ்டர் மூணையும் ஒரே மேசையில விரிச்சு வச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் பாருங்க. பிழை சான்றிதழ்ல இருந்தா பிறப்பு பதிஞ்ச ஆபீஸ்ல முதல்ல அதச் சரி பண்ணிட்டு, அப்புறம் ஆதாருக்குப் போங்க, ஏன்னா ஆதார்ல பேரு ஆயுசுக்கு 2 தடவதான் மாத்த முடியும், அவசரப்பட்டு ஒண்ண வீணாக்காதீங்க. பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் அடிக்கதுக்கு முன்ன இது முடிஞ்சிரணும், அதுக்கப்புறம் அலைச்சல் சொல்லி மாளாது.

அந்த சென்டர்காரர்கிட்ட ஒரிஜினல் ஆதாரோ சான்றிதழோ ஏற்கனவே குடுத்திருந்தா, நாளைக்கு காலையிலயே உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போய் திரும்ப வாங்கிருங்க.