அஞ்சனம் அயர்லாந்துக்குப் போனதா?

கேள்வி: ஐரிஷ் மொழியில் களிம்பையும், தேவாலயச் சடங்கில் எண்ணெய் பூசுவதையும் ‘உங்கா’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்களாம். நம் ‘அஞ்சனம்’தான் கடல் கடந்து இப்படித் திரிந்தது என்கிறேன். மறுப்பீர்களா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மறுப்பேன். அஞ்சனமே, பூசுதலைக் குறிக்கும் ‘அஞ்ஜ்’ என்ற வேரிலிருந்து பிறந்து, வடமொழி வழியாக நம்மிடம் வந்த சொல். இரவல் நகையை அயர்லாந்துக்கு நாம் போட்ட சீர் என்று சொல்லிக்கொள்வது அழகல்ல.

‘உங்கா’வும் ஐரிஷ்காரர்களின் பூர்வீகச் சொத்தன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே கிறித்தவம் வேரூன்றியபின், குருவானவருக்கு ‘சாகர்ட்’, திருப்பலிக்கு ‘ஆஃப்ரன்’ என்ற பெயர்களைத் தந்த லத்தீன்தான், பூசுவதற்கான ‘உங்குவோ’ என்ற தன் வினைச்சொல்லையும் தந்தது. இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதமியின் காப்பில் உள்ள ‘ஸ்டோ மிசால்’ என்ற பழைய வழிபாட்டுச் சுவடியில், நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு லத்தீனிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மரணப் படுக்கையில் பூசுவதற்கு மட்டும் ஐரிஷ் மக்கள் ‘கடைசி எண்ணெய்’ என்று பொருள்படும் வேறு பெயரை வழங்கினார்கள். நம் கத்தோலிக்கர்களும் அதை ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமே உரியதன்று இச்சடங்கு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவுபடுத்திய பிறகே ‘நோயில் பூசுதல்’ என்ற பெயர் நிலைத்தது.

ஆனாலும் உங்கள் காது பொய் சொல்லவில்லை. லத்தீனின் ‘உங்குவோ’வும் வடமொழியின் ‘அஞ்ஜ்’ என்பதும் இந்தோ-ஐரோப்பியம் எனப்படும், வடமொழிக்கும் பல ஐரோப்பிய மொழிகளுக்கும் பொதுவான மூல மொழியின் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே இது ஒன்றுவிட்ட உறவு, பெற்ற உறவன்று. உண்மையில் அந்த வேரிலிருந்து நேராக ஐரிஷுக்கு இறங்கிய சொல் வேறு: ‘இம்’. பொருள், வெண்ணெய். கையில் வெண்ணெய் இருக்க நீங்கள் நெய்க்கு அலைந்திருக்கிறீர்கள்.

இதற்குச் சான்று ஒலி மாற்றத்தில் இருக்கிறது. அந்த மூல மொழியில் இருந்த ஒருவகைக் ககர ஒலி, ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகளில் பகரமாக மாறியது; வடமொழியில் சில சொற்களில் ஜகரமானது. வடமொழியின் ‘கோ’ (பசு) ஐரிஷில் ‘போ’ என்றும், ‘ஜீவ’ என்பது ‘ப்யோ’ (உயிருள்ள) என்றும் ஒலிப்பது அதனால்தான். அதே விதிப்படி ‘இம்’ என்பதன் பழைய வடிவமான ‘இம்ப்’ பகரத்தோடு இருக்கிறது. ‘உங்கா’வோ ககரத்தை விடாமல் வைத்திருக்கிறது. அந்த மாற்றம் நடந்து முடிந்த வெகுகாலத்துக்குப் பின் வந்து சேர்ந்த சொல்லில்தான் அது சாத்தியம்.