இசிஜி நார்மல் என்றால் வாயுதானா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. பத்து நாளாகக் கடைவீதிக்கு நடக்கும்போது நடு நெஞ்சு அடைக்கிறது என்கிறார். நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. லேபில் எடுத்த இசிஜி நார்மல். மெடிக்கலில் கொடுத்த கேஸ் மாத்திரையில் கொஞ்சம் தேவலை. அடுத்த மாதம் மாஸ்டர் செக்கப் செய்தால் போதுமா?

பதில்: போதாது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நடந்தால் வந்து நின்றால் போகிற அடைப்பை வாயு என்று தள்ளிவிட முடியாது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருந்தால், நடக்கும்போது தேவைப்படும் கூடுதல் ரத்தம் போய்ச் சேராது. அதுதான் இப்படி அடைக்கும். பல வருடமாக ஒரே அளவில் இருப்பதைவிட, பத்து நாளாகப் புதிதாக வந்தது ஆபத்து.

லேபில் படுத்திருந்தபோது அவருக்கு வலி இல்லை. இசிஜி காட்டுவது அந்தச் சில வினாடிகளைத்தான். மாரடைப்பு தொடங்கிய புதிதில்கூட அது நார்மலாக வரலாம். அதனால்தான் வலியோடு வருபவருக்கு 15 முதல் 30 நிமிடம் விட்டு மறுபடி எடுக்கிறோம். இதயத் தசை சேதமானதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்கிறோம். மெஷின் தானாக அச்சடிக்கும் ‘நார்மல்’ என்ற வரியை, டாக்டர் பார்க்காமலே கவரில் போட்டுக் கொடுக்கிற லேபுகளை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கேஸ் மாத்திரையில் தேறியதையும் நம்பாதீர்கள். இதய வலியும் தானாகத் தணிந்து தணிந்துதான் வரும்.

மாஸ்டர் செக்கப், ‘ஹார்ட் பேக்கேஜ்’ எல்லாம் தொந்தரவு இல்லாதவர்களுக்கு விற்கப்படுபவை. அவற்றில் பலவற்றில், ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இசிஜி பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையும் சேர்ந்தே வரும். புதிதாக வலி கண்டவரை டாக்டர் பார்த்து அனுமதிக்காமல் அதில் ஓடவிட்டால் அங்கேயே மாரடைப்பு வரலாம்.

இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே அடைத்தாலோ, நின்றும் பத்து நிமிடத்தில் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வருவதுண்டு. 108-ஐ அழைத்த கையோடு ஆஸ்பிரின் 300 மி.கி., அதாவது 150 மி.கி. மாத்திரை இரண்டை, மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் அலர்ஜி, வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

பக்கத்து வீட்டார் நீட்டும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சு வலி மாத்திரையை நாக்கடியில் வைக்காதீர்கள். அது ரத்தக்குழாயை விரித்து பிரஷரை இறக்கும். ஏற்கெனவே பிரஷர் இறங்கியிருந்தால் மயங்கி விழுவார். இதயத்தின் வலப்பக்கம் பாதித்த மாரடைப்பில் இன்னும் மோசம். முந்தைய 24 மணி நேரத்தில் வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம். இதை எந்த அப்பாவும் மகனிடம் சொல்லமாட்டார். டாக்டர் தனியாகக் கேட்கட்டும்.

எங்கே போவது? இதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடித்து நீக்கும் கேத் லேப் இரவிலும் இயங்கும் இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். வாசலில் நிற்கும் தனியார் ஆம்புலன்ஸ்காரர் சொல்லும் ஆஸ்பத்திரி, பல நேரம் அவருக்குக் கமிஷன் தரும் ஆஸ்பத்திரி. கேத் லேப் தொலைவென்றால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் டோஸாக 14 மாத்திரை தருவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. வீட்டிலேயே ஆஸ்பிரின் போட்டிருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை நெஞ்சு வலி வந்த பிறகா தேடி அலைவது? இந்த நடைமுறையை வகுத்தவர்கள் ஒரு இரவு எமர்ஜென்சி வாசலில் நின்று பார்க்கட்டும். அட்டை இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். ஆனால் அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைக்கு வலி இல்லாமல் கூட்டிப் போகும்போதும் அப்பாவை பைக்கில் ஏற்ற வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் அந்த நார்மல் இசிஜியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாதபோது எடுத்தது என்பதால், புதியதோடு ஒப்பிட டாக்டருக்கு அது உதவும்.